பாஸியிலிருந்து போன கடிதங்கள்: ஃபிராங்க்ளின் பிரான்ஸ்ல தூதரா இருந்தப்போ எழுதினது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிரான்ஸ்ல அமெரிக்கத் தூதரா இருந்த காலத்துக் கடிதங்கள ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், 1776 கடைசில இருந்து 1785 வரைக்கும் உள்ளது. இதப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் சுத்திச் சுத்தி அதே சந்தேகங்கள்தான் வருது. சரி, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், மாத்தல.

பட்டம் விட்டு மின்னல்ல கரண்ட் இருக்குன்னு காட்டினாரே, அதே ஃபிராங்க்ளினா? அவருக்கு ராஜா சபையில என்ன வேலை?

அதே ஆள்தான். அந்த மின்சார ஆராய்ச்சியாலதான் ஐரோப்பா முழுக்க அவர் பேர் தெரிஞ்சிருந்துச்சு, அமெரிக்க காங்கிரஸ் (அமெரிக்கக் காலனிகளோட கூட்டு சபை) அவர அனுப்பினதுக்கு அதுவும் ஒரு காரணம். 1776 ஜூலைல சுதந்திரம்னு அறிவிச்சாச்சு, ஆனா துப்பாக்கி மருந்து இல்ல, பணம் இல்ல, கடற்படைன்னு சொல்லிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல. பிரிட்டனோட பழைய எதிரி பிரான்ஸ், அங்க போய்க் கேக்குறதத் தவிர வேற வழி தெரியல. அதனால செப்டம்பர் மாசம் மூணு பேர நியமிச்சாங்க: ஃபிராங்க்ளின், சைலஸ் டீன், ஆர்தர் லீ. ஃபிராங்க்ளினுக்கு அப்போ வயசு 70.

ரிப்ரைசல்ங்கிற சின்னப் போர்க்கப்பல்ல ரெண்டு பேரனக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. டெம்பிளுக்கு 16 வயசு, பென்னிக்கு 7. கப்பல்ல அவுரிச் சரக்கு ஏத்தியிருந்தாங்க, அத வித்துத்தான் தூதர்களோட செலவுக்குப் பணம் வரணும். நவம்பர் மாசத்து அட்லாண்டிக், வழியில பிடிபட்டா ராஜத்துரோகி, தூக்குக் கயிறு. டிசம்பர் 3-ம் தேதி பிரான்ஸ் கரையில இறங்கும்போது நிக்கக்கூடத் தெம்பு இல்லாம இருந்தாரு.

பாஸின்னா எந்த இடம்? எல்லா லெட்டர்லயும் மேல அதான் போட்டிருக்கு

இப்போ அது பாரிஸ் நகரத்துக்குள்ளயே வந்துருச்சு, அப்போ பாரிஸுக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் நடுவுல இருந்த ஒரு கிராமம். ஷோமோன்னு ஒரு பெரிய வியாபாரி, அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புற ஆள், தன்னோட வாலன்டினுவா மாளிகையில ஒரு பகுதிய இவருக்குக் குடுத்தாரு. 1777 தொடக்கத்துல இருந்து 1785 வரைக்கும் அதான் வீடு, அதான் ஆபீஸ். வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் வாராவாரம் செவ்வாய்க்கிழமை தூதர்களப் பாக்குறது வழக்கம், அன்னிக்கு வண்டி கட்டிக்கிட்டு வெர்சாய் போவாரு. மத்த நாளெல்லாம் எழுத்துதான்.

ஆபீஸ்னதும் பெரிய அலுவலகம்னு நினைச்சிராதீங்க. ரொம்ப நாளைக்குப் பேரன் டெம்பிள்தான் எல்லாத்துக்கும். வர்ற கடிதத்தப் படிக்கிறது, பதில் எழுதுறது, அதக் கையால காப்பி எடுக்குறது, கணக்கு வைக்கிறது எல்லாமே ஒரு கிழவரும் ஒரு சின்னப் பையனும். 1778-ல ஜான் ஆடம்ஸ் (பின்னாடி ரெண்டாவது ஜனாதிபதி ஆனவர்) வந்து பாத்தப்போ காகிதமெல்லாம் ஒழுங்கில்லாமக் கிடக்குதேன்னு வருத்தப்பட்டாரு, அதுல உண்மை இருந்துச்சு. அதோட விளைவு என்னன்னு ஏழாவது கேள்வியில வரும்.

ஒரு லெட்டர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர எத்தன நாள் ஆகும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்லுவேன், ஏன்னா இது புரியலன்னா மத்த எதுவுமே புரியாது. சாதாரணமா ஆறுல இருந்து பத்து வாரம். காத்து சரியில்லன்னா, போர்க்கப்பல் குறுக்க வந்தா, இன்னும் ஜாஸ்தி. பல தடவ வராமலே போயிரும்.

கணக்கு பாருங்க. பிரான்ஸோட ஒப்பந்தம் கையெழுத்தானது 1778 பிப்ரவரி 6. அது காங்கிரஸ் கைக்கு வந்தது மே 2, அதாவது 85 நாள். அந்த 85 நாளும் வாஷிங்டன் படை வேலி ஃபோர்ஜ்ங்கிற முகாம்ல குளிர்லயும் பசியிலயும் கிடந்துச்சு, தங்களுக்கு ஒரு ராஜா துணைக்கு வந்துட்டாருன்னே தெரியாம. மூணு பேர் வேணாம், ஃபிராங்க்ளின் ஒருத்தரே முழு அதிகாரமுள்ள தூதர்னு காங்கிரஸ் முடிவு பண்ணினது 1778 செப்டம்பர் 14. அந்த உத்தரவு இவர் கையில கிடைச்சது 1779 பிப்ரவரி, அஞ்சு மாசம். வேகமா வந்ததும் உண்டு, யார்க்டவுன்ல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைஞ்ச சேதி 1781 அக்டோபர் 19-ல கிளம்பி ஒரே மாசத்துல வெர்சாய் வந்துருச்சு.

அப்போ ஒரு கேள்வி கேட்டா பதில் வர நாலு மாசம், அஞ்சு மாசம், ஆறு மாசம். அதுக்குள்ள கேள்வியே மாறியிருக்கும். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்"னு இவரால சொல்லவே முடியாது. இவர் முடிவு எடுத்தாகணும், அப்புறம் ஏன் எடுத்தேன்னு எழுதணும். அவரோட கடிதங்கள்ல பாதி அந்த மாதிரிதான், அனுமதி கேக்குற கடிதம் இல்ல, கணக்கு ஒப்படைக்கிற கடிதம்.

கப்பல எதிரி பிடிச்சா லெட்டர் என்ன ஆகும்?

ஒரே கடிதத்த ரெண்டு, மூணு, சில சமயம் அதுக்கு மேலயும் காப்பி எடுத்து வேற வேற கப்பல்ல அனுப்புவாங்க. அதனாலதான் பழைய கடிதங்கள் பலது "உங்களோட இன்ன தேதிக் கடிதம் வந்துச்சு, அதுக்கு முந்தினது இன்னும் வரல"ன்னு ஆரம்பிக்கும். படிக்கிறவங்களுக்கு அது போரடிக்கும், ஆனா அவங்களுக்கு அதான் உயிர். எது வந்துச்சு எது வரலன்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சாத்தான் எத மறுபடி அனுப்பணும்னு தெரியும்.

காகிதம் கொண்டு போற ஆளுக்கு ஒரே உத்தரவு, பிடிபடுற மாதிரி தெரிஞ்சா பாரம் கட்டிக் கடல்ல வீசிடணும். ஹென்றி லாரன்ஸ்னு காங்கிரஸோட முன்னாள் தலைவர், ஹாலந்துக்குத் தூதரா போனாரு. 1780 செப்டம்பர்ல நியூஃபவுண்ட்லாந்து பக்கத்துல பிரிட்டிஷ் கப்பல் மடக்கிருச்சு. காகிதப் பைய வீசினாரு, அது உடனே முங்கல, பிரிட்டிஷ் மாலுமிங்க கொக்கி போட்டு இழுத்துட்டாங்க. உள்ள டச்சுக்காரங்களோட போட்டு வச்சிருந்த ஒரு வரைவு ஒப்பந்தம். அதையே காரணமாக் காட்டி அந்த வருஷக் கடைசியிலயே பிரிட்டன் ஹாலந்து மேல போர் அறிவிச்சுது. லாரன்ஸ் லண்டன் டவர் சிறையில கிடந்தாரு. ஒரு பை முங்காததுக்கு ரெண்டு நாட்டுக்குள்ள போர்.

வெறும் பேப்பரக் கொண்டு போய்க் குடுத்தாங்கன்னு ஒரு கதை சொல்றாங்களே, நிஜமாவே நடந்துச்சா சார்?

நடந்துச்சு. 1777 அக்டோபர். மார்ச்ல இருந்து அது வரைக்கும் தூதர்கள் எழுதின முக்கியமான கடிதங்களெல்லாம் ஒரே கட்டா, ஃபோல்ஜர்ங்கிற கேப்டன் கையில குடுத்து அனுப்ப ஏற்பாடு. ஜோசஃப் ஹின்சன்னு ஒரு மேரிலாண்ட் மாலுமி, தூதர்கள் நம்பி வச்சிருந்த ஆள், உள்ளுக்குள்ள பிரிட்டிஷ்காரங்க கிட்ட விலைபோனவன். அவன் கட்டப் பிரிச்சு, கடிதத்த எடுத்துக்கிட்டு, அதே அளவுக்கு எழுதாத வெள்ளக் காகிதத்த வச்சு மறுபடி மூடிட்டான். ஃபோல்ஜருக்கு ஒண்ணும் தெரியாது. கடல் தாண்டி, 1778 ஜனவரில காங்கிரஸ் முன்னாடி பிரிச்சாங்க, வெத்துத் தாள்.

அந்த நேரத்துல காங்கிரஸ் யார்க்ங்கிற சின்ன ஊர்ல ஒதுங்கியிருந்துச்சு, பிலடெல்ஃபியா பிரிட்டிஷ் கையில. மாசக்கணக்கா பிரான்ஸ்ல இருந்து ஒரு சேதியும் இல்ல, வந்த கட்டும் இப்படி. அங்க உக்காந்திருந்தவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே சமயம் பாஸில இருந்தவங்களோ தாங்க எழுதினது எல்லாம் போய்ச் சேர்ந்துருச்சுன்னு நினைச்சுட்டு அடுத்த வேலையப் பாத்துட்டு இருந்தாங்க.

ரகசிய எழுத்து எதுவும் யூஸ் பண்ணலையா?

பண்ணினாங்க, ஆனா சினிமால வர்ற மாதிரி நேர்த்தியா இல்ல. ஹாலந்துல டூமான்னு ஒரு புத்தகப் பிரியர், அமெரிக்காவுக்காக அலைஞ்சு வேலை பாத்தவர். அவர் ஒரு பிரெஞ்சுப் பத்திய எடுத்து அதுல இருக்குற ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் வரிசையா நம்பர் போட்டாரு, மொத்தம் 682. அடிக்கடி வர்ற எழுத்துக்கு நிறைய நம்பர் கிடைச்சிரும், அதனால எந்த நம்பர் அதிகம் வருதுன்னு எண்ணிப் பாத்து உடைக்கிறது கஷ்டம். ஃபிராங்க்ளினுக்கு இது பிடிச்சிருந்துச்சு.

காங்கிரஸ் பக்கம் ஜேம்ஸ் லோவல்னு ஒருத்தர் தானே ஒரு முறை கண்டுபிடிச்சு அனுப்பினாரு. அதுல எழுதின கடிதத்த ஆடம்ஸாலயும் பிரிக்க முடியல, ஃபிராங்க்ளினும் முட்டிப் பாத்துட்டு முடியலன்னுட்டாரு. எதிரிக்குப் புரியக்கூடாதுன்னு எழுதினது சொந்த ஆளுக்கே புரியல. கண்ணுக்குத் தெரியாத மை, வேற பேர்ல எழுதுறது, வியாபாரக் கடிதம் மாதிரி எழுதுறது இதெல்லாமும் இருந்துச்சு. இவ்ளோ பாடுபட்டும் பாதி வீணாப் போச்சு, ஏன்னா திருட்டு நடந்தது வீட்டுக்குள்ள.

கூடவே இருந்த ஆளே ஸ்பையாமே? இத்தன பெரிய மூளைக்காரர் எப்படிக் கவனிக்காம விட்டாரு?

எட்வர்ட் பான்கிராஃப்ட். மாசசூசெட்ஸ்ல பொறந்தவர், டாக்டர், விஞ்ஞானி, சின்ன வயசுல சைலஸ் டீன் கிட்டப் படிச்சவர், ஃபிராங்க்ளினுக்கு லண்டன்லயே பழக்கம். பாஸில கிட்டத்தட்ட செக்ரட்டரி மாதிரி இருந்தாரு, எல்லாக் காகிதமும் கைக்கு எட்டும். (ஆடம்ஸ் பாத்த அந்த ஒழுங்கில்லாத காகிதம் ஞாபகம் இருக்கா.) 1776 டிசம்பர்லயே பிரிட்டிஷ் உளவுத்துறையோட சம்பளம் பேசி முடிச்சாச்சு. ஏற்பாடு என்னன்னா, எட்வர்ட்ஸ்ங்கிற பேர்ல காதல் விவகாரம் பத்தி ஒரு கடிதம் எழுதணும், வரிக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத மையில உண்மையான சேதி, அத ஒரு பாட்டில்ல போட்டு, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல பாரிஸ்ல இருக்குற துய்லரி தோட்டத்துல ஒரு மரத்தடியில வச்சிரணும், பிரிட்டிஷ் தூதரகத்து ஆள் வந்து எடுத்துக்குவான். 1778 ஒப்பந்தச் சேதி ரெண்டு நாளுக்குள்ள லண்டன்ல. காங்கிரஸுக்கு 85 நாள்னு மேல சொன்னேனே, அத இதோட வச்சுப் பாருங்க.

இவ்ளோ கிடைச்சும் மூணாம் ஜார்ஜ் மன்னர் அத முழுசா நம்பல. பான்கிராஃப்ட் பங்கு வியாபாரத்துல பணம் போடுற ஆள், அவன் லாபத்துக்கு ஏத்த மாதிரி சொல்றான்னு மன்னருக்குச் சந்தேகம். அந்த ஆள் சாகுற வரைக்கும் அமெரிக்கர்கள் யாருக்கும் விஷயம் வெளிய வரல, 1889-ல பழைய காகிதங்களப் பாத்துத்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது.

அப்போ ஃபிராங்க்ளின் ஏமாந்தாருன்னுதானே அர்த்தம்?

பான்கிராஃப்ட் விஷயத்துல ஆமா, அவர் நம்பிட்டாரு, நான் அதுக்குச் சாக்கு சொல்ல மாட்டேன். ஆனா பொதுவா சுத்தி உளவாளிங்க இருக்காங்கன்னு அவருக்கு நல்லாத் தெரியும். 1777 ஜனவரில ஜூலியானா ரிச்சின்னு ஒரு பெண்மணி, கம்ப்ரே ஊர் மடத்துல தங்கியிருந்தவங்க, உங்களச் சுத்தி உளவாளிங்கன்னு எச்சரிச்சு எழுதினாங்க. அதுக்கு அவர் எழுதின பதிலோட சாரம் இதான்: யார் உளவாளின்னு கண்டுபிடிக்கிறது முடியாத காரியம், அதனால நான் ஒரே ஒரு விதி வச்சிருக்கேன், வெளிய தெரிஞ்சா வெக்கப்படுற எதையும் செய்யாம இருக்குறது. என் வேலைக்காரனே உளவாளியா இருந்தாலும், அனேகமா அவன் உளவாளிதான், வேற விதத்துல அவன எனக்குப் பிடிச்சிருந்தா அதுக்காக வேலைய விட்டு அனுப்ப மாட்டேன்.

இதுல ஒரு கணக்கும் இருக்குன்னு எனக்குத் தோணும். அமெரிக்காவும் பிரான்ஸும் நெருங்குதுன்னு லண்டனுக்குத் தெரியிறது இவருக்கு நல்லதுதான், பிரிட்டன் பயந்தா பிரான்ஸ் கிட்ட இவரோட மதிப்பு கூடும். ஆனா எல்லாமே திட்டம்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். கப்பல் கிளம்புற தேதி வெளிய போனதால மாலுமிங்க பிடிபட்டாங்க, செத்தாங்க, அது யாரோட திட்டமும் இல்ல.

பிரிட்டிஷ் தூதரும் அதே ஊர்லதானே இருந்தாரு, அவருக்கு இவர் எழுதியிருக்காரா?

எழுதினாரு. லார்ட் ஸ்டோர்மோன்ட்னு பேர். 1777-ல கைதிகள் பரிமாற்றம் பத்தி ஃபிராங்க்ளினும் டீனும் மரியாதையா ஒரு கடிதம் அனுப்பினாங்க, அமெரிக்கக் கப்பல் பிடிச்ச பிரிட்டிஷ் மாலுமிகள விடுறோம், இங்கிலாந்து சிறையில இருக்குற எங்க ஆளுங்கள விடுங்கன்னு. பதில் இல்ல. மறுபடி எழுதினாங்க. வந்தது கையெழுத்துகூட இல்லாத ஒரு வரி: மன்னரோட தூதர் கலகக்காரங்க கிட்ட இருந்து எந்த மனுவும் வாங்க மாட்டாரு, மன்னரோட கருணையக் கெஞ்சி வந்தாத் தவிர. இவங்க அத அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க, இந்த அநாகரிகமான காகிதத்த நீங்களே நல்லா யோசிச்சுப் பாக்கத் திருப்பித் தர்றோம்னு எழுதி. கைதிங்க நிலைமைய நினைச்சா அந்தத் திமிர் இப்பவும் மனச உறுத்துது. இங்கிலாந்துல சிறையில கிடந்த அமெரிக்க மாலுமிகளுக்காக இவர் அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே இருந்தாரு.

ராஜாவுக்கே நேரா எழுதுவாரா? பிரெஞ்சுலயா இங்கிலீஷ்லயா?

ராஜாவுக்கு இல்ல, அமைச்சர் வெர்ஜென்னுக்கு. மொதல்ல ஒரு வருஷத்துக்கு மேல இவங்க அதிகாரபூர்வத் தூதரே கிடையாது, ஏத்துக்கிட்டா பிரிட்டனோட போர், அதனால சந்திப்பெல்லாம் மறைவா நடந்துச்சு. அமெரிக்காவுல சரடோகாங்கிற இடத்துல ஒரு முழு பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச சேதி 1777 டிசம்பர் 4-ல வந்துச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள பிரான்ஸ் அங்கீகரிக்கிறோம்னுச்சு. 1778 மார்ச் 20-ல பதினாறாம் லூயி இவங்கள நேர்ல வரவேத்தாரு, சபையே பவுடர் போட்ட விக்கோட நிக்க ஃபிராங்க்ளின் விக்கும் வாளும் இல்லாம எளிய உடுப்புல போனாரு.

மொழி பத்திச் சொல்லணும்னா, இவர் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் எழுதினாரு, வெர்ஜென் பிரெஞ்சுல பதில் போட்டாரு. பிரெஞ்சு பேசுவாரு, இலக்கணம் சரியா வராதுன்னு அவரே ஒத்துக்கிட்டவர். ஒவ்வொரு கடிதமும் "தங்கள் மாட்சிமைக்கு மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்"ங்கிற மாதிரி முடியும், அது அந்தக் காலத்து வழக்கம், அத வச்சு பணிஞ்சு போனாருன்னு யாரும் முடிவு கட்டாதீங்க.

எல்லா லெட்டரும் போர், ஒப்பந்தம்னுதான் இருக்குமா? படிச்சா தூக்கம் வராதா?

பாதிக்கு மேல பணம். காங்கிரஸ் கையில காசு இல்லாம, "பாரிஸ்ல ஃபிராங்க்ளின் தருவாரு"ன்னு எழுதி உண்டியல் சீட்டு குடுத்துரும், அது பல கை மாறி பாஸி வாசலுக்கு வந்து நிக்கும். பிரான்ஸ் கடன் குடுக்குமான்னே தெரியாத நேரத்துலயும் வந்துச்சு. லாரன்ஸ் பேர்ல எழுதின சீட்டும், மாட்ரிட்ல இருந்த அமெரிக்கத் தூதர் ஜான் ஜே பேர்ல எழுதின சீட்டும்கூட கடைசில இவர் தலையிலதான் விழுந்துச்சு. ஒண்ண திருப்பி அனுப்பினாலும் அமெரிக்காவோட வார்த்தைக்கு மதிப்பு போயிரும். அதனால மறுபடி மறுபடி வெர்ஜென் முன்னாடி போய்க் கேக்கணும். 1781 பிப்ரவரில அவர் எழுதின கடிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கு வயசாயிருச்சு, இன்னும் எத்தன நாள் இந்த வேலையில இருப்பேனோ, ஆனா இந்த நேரம் ரொம்ப முக்கியமான நேரம்னு வெளிப்படையா எழுதியிருப்பாரு. அந்த வருஷம் மன்னர் 60 லட்சம் லிவ்ர் (அப்போ பிரான்ஸ் பணம்) இனாமாவே குடுத்தாரு. 1782 ஜூலைல போட்ட கணக்குல திருப்பித் தர வேண்டிய கடன் மட்டும் 180 லட்சம் லிவ்ர், வட்டி 5 சதவீதம்.

அப்புறம் வேலை கேட்டு வர்றவங்க. ஐரோப்பால இருக்குற ஒவ்வொரு ராணுவ ஆபீசரும் எனக்கு வாஷிங்டன் கிட்ட ஒரு சிபாரிசு குடுங்கன்னு வந்து நிப்பான். தொல்லை தாங்காம 1777-ல, தெரியாத ஆளுக்குக் குடுக்குறதுக்குன்னே ஒரு மாதிரிக் கடிதம் எழுதி வச்சாரு, இத கொண்டு வர்றவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பேர்கூடத் தெரியாதுன்னு போகும்.

இன்னொண்ணு கண்டிப்பாப் படிங்க, 1779 மார்ச் 10. கடல்ல இருக்குற அமெரிக்கப் போர்க்கப்பல் கேப்டன்கள் எல்லாருக்கும்: பிரிட்டிஷ்காரர் கேப்டன் குக் உலகத்தச் சுத்தி ஆராய்ச்சி பண்ணிட்டுத் திரும்பி வர்றாரு, அவர் கப்பலப் பாத்தா எதிரியா நினைக்காதீங்க, கொள்ளையடிக்காதீங்க, மனுஷ குலத்துக்கே நண்பரா நினைச்சு உதவி பண்ணுங்க. போர் நடுவுல எதிரி நாட்டுக் கப்பலுக்கு. ஆனா குக் அதுக்கு 24 நாள் முன்னாடியே, பிப்ரவரி 14-ல ஹவாய்ல கொல்லப்பட்டிருந்தாரு. சேதி இன்னும் வந்து சேரல.

ஆடம்ஸுக்கும் இவருக்கும் என்ன தகராறு? யார் பக்கம் நியாயம்?

ஆடம்ஸ் 1780-ல மறுபடி பாரிஸ் வந்தப்போ வெர்ஜென்னுக்குக் கடிதம் மேல கடிதமா எழுதினாரு, பிரான்ஸ் கடற்படைய எங்க அனுப்பணும், அமெரிக்கப் பணத்த எப்படி மதிக்கணும்னு எல்லாம். பல விஷயத்துல அவர் சொன்னது சரியாவும் இருந்துச்சு. ஆனா வெர்ஜென் கடுப்பாகி ஜூலைக் கடைசியில, இனிமே ஃபிராங்க்ளினோட மட்டும்தான் பேசுவேன்னு எழுதிட்டு, எல்லாக் கடிதத்தையும் காங்கிரஸுக்கு அனுப்பச் சொல்லி ஃபிராங்க்ளின் கிட்டக் குடுத்துட்டாரு. ஆகஸ்ட் 9-ல ஃபிராங்க்ளின் அனுப்பி வச்சாரு, கூடவே ஆடம்ஸால இந்த அரசவை மனசு நொந்திருக்குன்னும் எழுதினாரு. ஆடம்ஸ் அத சாகுற வரைக்கும் மறக்கல.

ஆடம்ஸோட கருத்து, நாம பிரான்ஸுக்குக் கடமைப்பட்டத விட அவங்கதான் நமக்குக் கடமைப்பட்டவங்க, கொஞ்சம் கெத்தாக் கேக்கணும். ஃபிராங்க்ளினோட கருத்து, இந்த மன்னர் சின்ன வயசுக்காரர், கஷ்டப்படுற ஜனத்துக்கு உதவுறதுல சந்தோஷப்படுறவர், நன்றி சொல்றது நம்ம கடமை மட்டும் இல்ல, நமக்கு லாபமும்கூட. என்னைக் கேட்டா, பணம் வாங்கிக் குடுத்த விதத்துல ஃபிராங்க்ளின் சரி. 1782 சமாதானப் பேச்சுல மீன்பிடி உரிமைக்காக விடாப்பிடியா நின்ன ஆடம்ஸும் சரி. பின்னாடி 1783 ஜூலைல ஃபிராங்க்ளின் இவரப் பத்தி எழுதினது, நாட்டுக்கு நல்லது நினைக்கிறவர், எப்பவும் நேர்மையானவர், பல நேரம் அறிவாளி, ஆனா சில நேரம் சில விஷயத்துல முழுசா நிதானம் தப்பிடுறவர். கடுமைதான், ஆனா மொதல் மூணையும் மனசாரத்தான் சொல்லியிருக்காருன்னு நான் நம்புறேன்.

பிரான்ஸ் கிட்டச் சொல்லாமலே பிரிட்டனோட கையெழுத்துப் போட்டாங்களே, அது துரோகம் இல்லையா? அப்புறம் எப்படி மறுபடி பணம் கேட்டாரு?

இதான் எல்லாத்தையும் விடச் சிக்கலான கேள்வி. 1781 ஜூன்ல காங்கிரஸ் தெளிவா உத்தரவு போட்டிருந்துச்சு, பிரெஞ்சு அமைச்சருக்குத் தெரியாம, அவர் சம்மதம் இல்லாம சமாதானப் பேச்சுல எதுவும் செய்யக்கூடாதுன்னு. ஆனா ஜேவும் ஆடம்ஸும் பிரான்ஸ் நம்ம எல்லையையும் மீன்பிடியையும் விட்டுக் குடுத்துருமோன்னு சந்தேகப்பட்டாங்க, ஃபிராங்க்ளினும் கடைசில அவங்களோட நின்னாரு. உத்தரவ மீறி 1782 நவம்பர் 30-ல பிரிட்டனோட முதல்கட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து. காங்கிரஸ் கிட்டக் கேட்டிருக்க முடியாதான்னா, மூணாவது கேள்விக்கான பதிலப் பாருங்க.

டிசம்பர் 15-ல வெர்ஜென் எழுதினாரு. கோவம்தான், ஆனா வார்த்தை அடக்கமா இருக்கும்: நீங்க விவேகி, முறை தெரிஞ்சவர், வாழ்நாள் பூரா கடமையச் சரியாச் செஞ்சவர், மன்னருக்குச் செய்ய வேண்டிய கடமைய எப்படிச் செய்யப் போறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு நாள் கழிச்சு, டிசம்பர் 17, ஃபிராங்க்ளினோட பதில். பிரான்ஸோட நலனுக்கு எதிரா அதுல ஒண்ணும் இல்ல, நீங்க முடிக்கிற வரைக்கும் எங்க சமாதானமும் நடைமுறைக்கு வராது. கையெழுத்துக்கு முன்னாடி உங்களக் கேக்காதது மரியாதைக் குறைவு, ஒத்துக்கிறேன், ஆனா நாங்க நேசிக்கிற மன்னர மதிக்காம செஞ்சது இல்ல, இந்த ஒரு தப்புக்காக இவ்ளோ தூரம் வந்த பெரிய காரியம் கெட்டுப் போயிரக் கூடாது, இனிமே உதவ மாட்டேன்னு நீங்க சொன்னா மொத்தக் கட்டடமும் இடிஞ்சு விழுந்துரும். கடைசியா ஒண்ணு சேர்த்தாரு பாருங்க: நம்ம ரெண்டு பேரையும் ஏற்கெனவே பிரிச்சுட்டோம்னு இங்கிலீஷ்காரங்க பெருமைப்பட்டுக்கிறாங்கன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன், இந்தச் சின்ன மனஸ்தாபம் வெளிய தெரியாமலே இருக்கட்டும், அவங்க நினைச்சது முழுக்கத் தப்புன்னு அவங்களே தெரிஞ்சுக்கட்டும்.

தப்ப ஒத்துக்கிட்டாரு, ஆனா அத நடத்தைத் தப்பு அளவுலயே நிறுத்திட்டாரு, உறவு முறிஞ்சா யாருக்கு லாபம்னு காட்டிட்டாரு, எங்கயும் மிரட்டல்னு சொல்ல முடியாது. வெர்ஜென் அடுத்த 60 லட்சம் லிவ்ருக்கு ஒத்துக்கிட்டாரு, அதுல 6 லட்சம் உடனே, ஒப்பந்தத்தக் கொண்டு போன கப்பல்லயே அமெரிக்கா போச்சு. துரோகமான்னு கேட்டா, பிரான்ஸோட போட்ட ஒப்பந்தத்தோட எழுத்த மீறல, நம்பிக்கையக் கொஞ்சம் மீறினாங்க. அது ஃபிராங்க்ளினுக்கும் தெரிஞ்சிருந்துச்சு, அந்தக் கடிதத்துல அந்தக் கூச்சம் தெரியுது, அதனாலதான் அது எடுபட்டுச்சு.

சமாதானம் ஆனப்புறமும் நம்ம கடலூர்ல சண்டை நடந்துச்சுன்னு சொல்றது இதோட சேர்ந்ததா அண்ணா?

ஆமா. பிரான்ஸ் உள்ள வந்ததும் போர் இந்தியா வரைக்கும் பரவிருச்சு, 1778-லயே பாண்டிச்சேரிய பிரிட்டிஷ்காரங்க முற்றுகை போட்டுப் பிடிச்சாங்க. 1783 ஜனவரி 20-ல வெர்சாய்ல பிரிட்டனும் பிரான்ஸும் முதல்கட்ட சமாதானத்துல கையெழுத்துப் போட்டாங்க, அன்னிக்கு அதே இடத்துல ஃபிராங்க்ளினும் ஆடம்ஸும் போர்நிறுத்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. ஆனா அஞ்சு மாசம் கழிச்சு ஜூன் 20-ல கடலூருக்கு வெளிய கடல்ல சுஃப்ரென் தலைமையில பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸ் தலைமையில பிரிட்டிஷ் கப்பல்களும் மோதிக்கிட்டு இருந்துச்சு, கரையில கோட்டைய முற்றுகை போட்டுட்டு இருந்தாங்க. சேதி கொண்டு வந்த கப்பல் அந்த மாசக் கடைசியிலதான் வந்துச்சு. அதுக்குள்ள போன உயிரெல்லாம் முடிஞ்சு போன போருக்காகப் போன உயிர்.

இந்த லெட்டரெல்லாம் இப்போ எங்க இருக்கு, யார் காப்பாத்தினாங்க?

1790-ல சாகும்போது ஃபிராங்க்ளின் எல்லாத்தையும் பேரன் டெம்பிளுக்கு எழுதி வச்சாரு. டெம்பிள் ஒரு பகுதிய லண்டனுக்கு எடுத்துட்டுப் போய் 1817, 1818-ல பதிப்பிச்சாரு, மீதி பிலடெல்ஃபியா பக்கத்துல ஒரு நண்பர் வீட்டுல, குதிரை லாயத்துக்கு மேல கிடந்துச்சு. அது 1840-ல அமெரிக்கத் தத்துவக் கழகத்துக்கு வந்துச்சு. லண்டன் பகுதி ஒரு தையல் கடை அலமாரியில இருந்து வெளிய வந்துச்சு, கொஞ்சத்த அளவு வெட்டுற காகிதமா கத்தரிச்சுட்டாங்கன்னும் சொல்லுவாங்க. 1882-ல அமெரிக்க அரசு 35,000 டாலர் குடுத்து வாங்கிச்சு. யேல் பல்கலைக்கழகமும் தத்துவக் கழகமும் சேர்ந்து 1954-ல ஆரம்பிச்ச பதிப்புத் தொகுப்ப இப்போ இணையத்துல காசில்லாமலே படிக்கலாம்.

நானும் படிக்கணும், எங்க ஆரம்பிக்கட்டும்?

ஜூலியானா ரிச்சிக்கு எழுதினது ஒரு பக்கம்தான், அதுல ஆரம்பிங்க. அப்புறம் கேப்டன் குக் கடிதம். அப்புறம் வெர்ஜென்னோட டிசம்பர் 15-ம் அதுக்கு டிசம்பர் 17 பதிலும் பக்கத்துல பக்கத்துல வச்சு. 1781 மார்ச் 12-ல எனக்கு 75 வயசாச்சு, விடுங்கன்னு காங்கிரஸுக்கு எழுதினதையும் படிங்க, அவங்க விடல, அதுக்குப் பதிலா சமாதானப் பேச்சு வேலையையும் தலையில வச்சாங்க. அவர் வீட்டுக்குப் போகலாம்ங்கிற அனுமதி கிளம்பினது 1785 மார்ச் 7, பாஸி வந்தது மே 2.

படிக்கும்போது பக்கத்துல ஒரு தாள்ல ரெண்டு தேதி குறிச்சு வைங்க, எழுதின நாள், கிடைச்ச நாள். நான் இத பென்சில்ல குறிக்க ஆரம்பிச்சப்புறம்தான் அந்தக் கடிதங்கள்ல யார் எத தெரிஞ்சுக்கிட்டு எழுதுறாங்க, யார் தெரியாம எழுதுறாங்கன்னு எனக்குப் பிடிபட்டுச்சு.